குருவிகளுக்கும் நிரை உண்டு

அண்மையில் நாங்கள் ஊவாப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தபோது ஒரு லயத்தில் சின்ன வாக்குவாதம் நடந்து கொண்டிருந்தது. இஸ்தோப்புக் கூரைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு குருவி சேற்றைக் குழைத்துக் கிண்ணம் மாதிரிக் கூடு கட்டியிருந்தது. பத்து வயதுப் பையன் ஒருவன் மூங்கில் கம்போடு கீழே நின்றான். "பச்சப்புள்ளய படுக்க வைக்கிற எடங்க இது. பாயெல்லாம் எச்சம்" என்றார் தாய். மூலையில் குந்தியிருந்த தாத்தா விடவில்லை. "மழைக்குருவி கூட்டக் கலைச்சா வீட்டுக்கு ஆகாது புள்ள. அது பாட்டுக்கு கொசு புடிச்சித் தின்னுட்டுப் போவுது." கடைசியில் இரண்டு பேரும் எங்கள் முகத்தைப் பார்த்தார்கள்.

நாங்கள் சொன்னது மிகச் சாதாரணமான வழி. கூட்டுக்கு ஒரு முழம் கீழே ஒரு பலகைத் துண்டை அறைந்து விட்டால் எச்சம் பலகையில் விழும். பாயும் தப்பும், கூடும் தப்பும். பையன் கம்பைப் போட்டுவிட்டுப் பலகை தேடப் போனான். போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டான் பாருங்கள்: "எல்லாக் குருவியும் பூச்சிதான் திங்குதுன்னா, அதுங்களுக்குள்ள சண்ட வராதா?"

வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை அது. ஆகவே இம்முறை நமது பாடம் அந்தப் பையனின் கேள்விதான்.

மலையில் நமக்கு நிரை பிடித்துக் கொடுப்பவர் கங்காணி. ஒருவர் நிரையில் இன்னொருவர் கை வைப்பதில்லை. குருவிகளுக்குக் கங்காணியும் இல்லை, பிரட்டுக் களமும் இல்லை. ஆனாலும் நிரை இருக்கிறது. அலகின் நீளம், காலின் பிடி, இறகின் வடிவம், கண்ணின் பழக்கம், இவைதான் அந்த நிரையைப் பிரித்துக் கொடுக்கின்றன. ஒரே சவுக்கு மரத்தில் ஐந்து வகைக் குருவி பூச்சி தேடலாம். ஐந்துக்கும் ஐந்து இடம், ஐந்து விதமான வேலை.

இதை முதன்முதலில் ஒழுங்காக அளந்து காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ராபர்ட் மக்ஆர்தர் என்பவர். அங்கே வடக்குப் பகுதிக் காடுகளில் ஐந்து வகைச் சின்னக் குருவிகள் ஒரே ஊசியிலை மரத்தில் புழு பொறுக்கின. அவர் மரத்தை உச்சி, நடு, அடி, கிளை நுனி, உட்கிளை என்று பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தக் குருவி எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்று எண்ணினார். ஒன்று பெரும்பாலும் உச்சிக் கிளை நுனியில், இன்னொன்று நடுமரத்தின் உட்பக்கத்தில், வேறொன்று தாழ்வில் என்று வேலை பிரிந்திருந்தது. 1958ல் வெளிவந்த அந்த ஆய்வுக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. நல்ல கண், நேரம் பார்க்க ஒரு வழி, மிகுந்த பொறுமை. நமது மலைக் குருவிகளை அதே மாதிரி மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வருவோம்.

ஆகாயத்து நிரை அந்த மழைக்குருவிக்கு உரியது. புத்தகத்தில் இதைத் தகைவிலான் என்று எழுதுவார்கள். நீண்ட கூர்மையான சிறகு, குட்டைக் கால், சின்ன அலகு. ஆனால் வாயைத் திறந்தால் முகமே வாய். பறந்துகொண்டே பூச்சியை வாரி எடுக்கும். ஈ, பறக்கும் எறும்பு, சின்ன வண்டு, மழைக்குப் பின் கிளம்பும் ஈசல் எல்லாம் அதற்கு உணவு. மப்பும் குளிருமாக இருக்கும் நாளில் பூச்சிகள் தாழப் பறப்பதால் குருவியும் தேயிலை மட்டத்துக்கு இறங்கிவிடும். தாத்தா சொன்ன "மழைக்குருவி" என்ற பெயருக்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம். ஆனால் கொசு விடயத்தில் தாத்தா சொன்னது பாதிதான் சரி. கொசுவில் பல வகை இருட்டிய பிறகு கிளம்புபவை, குருவியோ பகலில் வேலை செய்வது. லயத்தில் கொசு குறைய வேண்டுமென்றால் தேங்கிய தண்ணீரைத்தான் கொட்ட வேண்டும், குருவியை நம்பியிருக்க முடியாது. இன்னொரு சங்கதி. லயத்திலும் பாலத்தடியிலும் கூடு கட்டுவது நம் மலைநாட்டிலேயே வருடம் முழுக்க வாழும் இனம். மாரி காலத்தில் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவற்றில் பல, வடக்கே தூர நாடுகளிலிருந்து வந்து ஏப்ரல் அளவில் திரும்பிப் போகும் விருந்தாளிகள். அவை இங்கே கூடு கட்டுவதில்லை.

அடுத்தது உட்கார்ந்து காத்திருக்கும் கூட்டம். நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்து மலைகளில் தேயிலைச் செடியின் மேலோ முட்டுக் கம்பத்திலோ ஒரு சின்னக் கறுப்புக் குருவி தனியாக நிற்பதைக் கண்டிருப்பீர்கள். இறகில் வெள்ளைத் தழும்பு தெரிந்தால் அது ஆண். பெண் மண் நிறம். புதர்ச்சிட்டு என்பார்கள். வாலை ஆட்டிக்கொண்டு சும்மா நிற்பது போலத் தோன்றும். சும்மா நிற்கவில்லை. கீழே தரையில் எது அசைகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. அசைந்ததும் ஒரே குதி, கவ்வல், மறுபடி அதே கம்பத்துக்கு.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. காத்திருந்தால் உடம்புச் சக்தி அவ்வளவாகச் செலவாகாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் பறந்து போய் வருவதற்குச் செலவு உண்டு. ஆகவே காத்திருக்கும் குருவி கண்டதற்கெல்லாம் பாயாது, போன செலவுக்குக் கட்டுபடியாகிற பூச்சிக்குத்தான் பாயும். ஒரே இடத்தில் நெடுநேரம் ஒன்றும் அகப்படாவிட்டால் கம்பத்தை மாற்றும். கொழுந்து குறைந்த மலையில் நாமும் அப்படித்தானே, நிரையை முடித்துவிட்டு அடுத்த மலைக்குப் போகலாமென்று கண் பார்த்துக்கொண்டே இருக்கும்.

ஈப்பிடிப்பான் குருவிகளும் காத்திருப்பவைதான். ஆனால் அவை தரைக்கு இறங்குவதில்லை. சாம்பல் தலையும் மஞ்சள் வயிறுமாக ஒரு சின்னது உண்டு, ஓடைக் கரை மர நிழலில் பார்க்கலாம். கிளையிலிருந்து காற்றில் பாய்ந்து பறக்கும் பூச்சியைப் பிடித்துக்கொண்டு கிளைக்கே திரும்பும். கரிச்சானும் இதே வேலைதான், உடம்பு பெரிது என்பதால் பூச்சியும் பெரிது. வருடக் கடைசியில் வந்து நிற்கும் பச்சை நிறப் பஞ்சுருட்டான் தேனீயையும் குளவியையும் பிடிக்கும். கொட்டாதா என்று கேட்பீர்கள். பிடித்ததைக் கிளையில் அடித்துக் கொல்லும், பிறகு அதன் பின்புறத்தைக் கிளையில் தேய்த்துத் தேய்த்து விஷத்தை வெளியேற்றிவிட்டுத்தான் விழுங்கும். விசிறிவால் குருவி இன்னொரு தந்திரக்காரன். வாலை விசிறி போல விரித்து ஆட்டிக்கொண்டே கிளையில் திரியும். இலையில் ஒட்டிக்கொண்டிருந்த பூச்சி பயந்து கிளம்பும், கிளம்பியதும் பிடிபடும்.

இனி இலை நிரை. எங்களுக்கு இதுதான் எல்லாவற்றிலும் சுவையானது, தேயிலைக்கும் மிக நெருக்கமானது. பட்டாணிக் குருவி, வெள்ளைக்கண்ணி, தையல்சிட்டு ஆகியவை காத்திருப்பதில்லை. இலை இலையாகப் போய்த் தேடுகின்றன. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட வெள்ளைக்கண்ணி கூட்டமாக வந்து, சவுக்குக் கிளை நுனியில் தலைகீழாகத் தொங்கிக்கூட இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்கும். தையல்சிட்டு தாழ்வான புதருக்குள்ளேயே திரியும். பட்டாணிக் குருவிக்குக் கால் பலம் அதிகம். சுருண்ட இலையையோ கெட்டியான பூச்சியையோ ஒரு காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அலகால் கொத்தி உடைக்கும். குஞ்சு வளர்க்கும் காலத்தில் பட்டாணிக் குருவி இனங்கள் ஒரே நாளில் பல நூறு தடவை கூட்டுக்கு இரை கொண்டு வரும். அதில் பெரும்பகுதி புழு.

இந்தப் பட்டாணிக் குருவி இனத்தை வைத்து ஒல்லாந்தில் லூக் டின்பெர்கன் என்பவர் செய்த ஆய்வு 1960ல் வெளிவந்தது. பைன் காட்டில் எந்தப் புழு எவ்வளவு இருக்கிறது, குருவி குஞ்சுக்கு எதைக் கொண்டு போகிறது என்று அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு வகைப் புழு மிகக் குறைவாக இருக்கும்போது குருவி அதைக் கண்டும் காணாதது மாதிரிப் போய்விடுகிறது. புழு ஓரளவு கூடினதும் குருவியின் கண் அதற்குப் பழகிவிடுகிறது. பிறகு அதையே தேடித் தேடி எடுக்கிறது. புதிதாக மலைக்கு வந்த பிள்ளைக்கு முதல் கிழமை எல்லா இலையும் ஒரே பச்சைதான். கண் பழகிவிட்டால் இரண்டு இலையும் ஒரு மொட்டும் மட்டும் தனியாகத் தெரிகிறதல்லவா? அதே பழக்கம்தான்.

ஆனால் அந்த ஆய்வில் மூன்றாவது ஒரு கட்டமும் இருந்தது. புழு மிதமிஞ்சிப் பெருகிவிட்டால் குருவி எடுக்கும் பங்கு குறைந்துபோகிறது. ஒரே தீனியை மட்டும் குருவி விரும்புவதில்லை, வயிற்றுக்கும் ஓர் அளவு உண்டு. அதாவது பூச்சி கொஞ்சமாக இருந்து நடுத்தரமாக ஏறும் அந்த நேரத்தில்தான் குருவியின் வேலை பெறுமதியானது. மலை முழுக்கப் புழு பிடித்த பிறகு குருவியைத் தேடிப் பிரயோசனமில்லை. அது முதலிலேயே அங்கே இருந்திருக்க வேண்டும்.

மரத்தண்டு நிரைக்கு இரண்டு பேர். மரங்கொத்தியை எல்லாருக்கும் தெரியும். வாலின் விறைப்பான இறகை மரத்தில் ஊன்றி உட்கார்ந்து, பட்டையைக் கொத்தி, நீண்ட நாக்கைத் துளைக்குள் விட்டுப் புழுவை இழுக்கும். மற்றது அவ்வளவு பேர் கவனிக்காத ஒரு சின்னக் குருவி. நீல முதுகு, சிவந்த அலகு, கறுப்பு நெற்றி. மரங்கொத்தி மேல்நோக்கித்தான் ஏறும். இது தலைகீழாகவும் இறங்கும். மேலே ஏறுபவன் கண்ணில் படாத பட்டை இடுக்கு, கீழே இறங்குபவன் கண்ணில் படுகிறது. ஒரே தண்டில் இரண்டு நிரை!

தரைக்கு வந்தால் கூட்டம் அதிகம். தவிட்டுக் குருவிகள் ஏழெட்டாகச் சேர்ந்து கானுக்குள் விழுந்த சருகைப் புரட்டும். வண்ணாத்திக் குருவி விடியலிலும் அந்தியிலும் லயத்து வாசல் வரை வரும். செண்பகம் புதருக்குள் நடந்து புழுவும் நத்தையும் தின்னும். வாலாட்டிக் குருவி ஓடைக் கல்லிலும் தோட்டத்து ரோட்டிலும் ஓடும். உண்ணிக்கொக்கு மாட்டின் காலடியிலேயே நிற்கும், மாடு நடக்கும்போது புல்லிலிருந்து கிளம்பும் பூச்சி அதற்கு. மாட்டோடு சேர்ந்து இரை தேடும் கொக்கு, தனியே தேடும் கொக்கைவிடக் குறைந்த நடையில் கூடுதலான இரை பிடிக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். நாம் முள்ளுக் குத்தும்போதும் கவ்வாத்து வெட்டும்போதும் மைனாவும் கரிச்சானும் பக்கத்திலேயே வந்து நிற்பது ஏன் என்று இப்போது விளங்கும். அவற்றுக்கு நாம் ஒரு வகை மாடுதான்!

பையனின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. மறுபாதி சிங்கராஜ வனத்தில் இருக்கிறது. 1988ல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட இந்த மழைக்காட்டில் பேராசிரியர் சரத் கொட்டகமவும் அவரோடு சேர்ந்தவர்களும் 1980களின் தொடக்கத்திலிருந்து ஒரு விநோதத்தைக் கவனித்து வந்தார்கள். பத்து, பன்னிரண்டு வகைக் குருவிகள் ஒரே பட்டாளமாகச் சேர்ந்து இரை தேடிக்கொண்டு காட்டில் நகர்கின்றன. நடுவில் செம்மஞ்சள் அலகுள்ள தவிட்டுக் குருவிகள் சளசளவென்று இலையையும் சருகையும் கிளறிக்கொண்டு போகும். கொண்டை வைத்த கரிச்சான் கூடவே வந்து, அவை கிளப்பும் பூச்சியைக் காற்றில் பிடிக்கும். இலவசமாகவா? இல்லை. வல்லூறு வந்தால் கரிச்சான் கூச்சல் போட்டு எச்சரிக்கும். குனிந்து கிளறுகிறவனுக்கு மேலே பார்க்க நேரமில்லை, மேலே பார்க்கிறவனுக்குக் கிளற நேரமில்லை. ஒருவருக்கொருவர் உதவி. இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள். கரிச்சான் மற்றக் குருவிகளின் குரலை அப்படியே போலி பேசும், அந்தக் குரல் கேட்டு அவை வந்து சேர்கின்றன. 2006ல் வெளிவந்த ஆய்வு இது. "ஆளு சேக்கிற கங்காணி மாதிரி" என்றார் எங்களோடு வந்த ஒரு தோழர்.

சரி, இதனால் தேயிலைக்கு என்ன என்று கேட்பது நியாயம். குருவி இருந்தால் மருந்தே வேண்டாம் என்று சிலர் பேசுகிறார்கள். நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். ஷொட் ஹோல் போரர் என்று உத்தியோகத்தர்கள் சொல்லும் தண்டு துளைக்கும் வண்டு, தன் வாழ்நாளில் பெரும்பகுதியைத் தேயிலைக் கிளைக்குள்ளேயே கழிக்கிறது. அது வளரும் சுரங்கத்துக்குள் புதர்ச்சிட்டும் போகாது, வெள்ளைக்கண்ணியும் போகாது. அத்தோடு குருவி நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்று பிரிப்பதில்லை. நமக்கு உதவும் சிலந்தியையும் சேர்த்துத்தான் தின்னும்.

ஆனாலும் பூச்சியைத் தின்னும் உயிர்களை அழித்தால் என்ன நடக்கும் என்பதை நமது தேயிலையே ஒருமுறை பட்டறிந்திருக்கிறது. இலைகளை நூலால் ஒட்டிச் சுருட்டி உள்ளேயிருந்து தின்னும் இலைச்சுருட்டிப் புழு ஒரு காலத்தில் பெரிய தொல்லை. 1930களில் ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டு வந்து விட்டார்கள். புழுவின் உடம்புக்குள் முட்டையிடும் குளவி அது. புழு அடங்கிப்போனது. பிறகு 1950களின் பிற்பகுதியிலிருந்து தண்டு துளைக்கும் வண்டுக்காக டியெல்ட்ரின் என்ற மருந்தை அடித்தார்கள். மருந்து குளவியையும் கொன்றது. அடங்கியிருந்த இலைச்சுருட்டிப் புழு மறுபடி தலையெடுத்து மலை மலையாகப் பரவியது. ஒன்றைத் தீர்க்கப் போய் இன்னொன்றை எழுப்பிவிட்ட கதை. டியெல்ட்ரின் இன்று பாவனையில் இல்லை. அந்தச் சம்பவத்தில் காவல் நின்றது குளவி, குருவி அல்ல என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

குருவிக்கான சாட்சி ஜமைக்காவிலிருந்து கிடைக்கிறது. அங்கே கோப்பித் தோட்டங்களில் சில செடிகளுக்குக் குருவி புகாதபடி, ஆனால் பூச்சி புகும்படி வலை போட்டார்கள். வலை போட்ட செடியில் கோப்பிக் கொட்டையைத் துளைக்கும் வண்டு கூடியது. திறந்திருந்த செடியில் குறைவு. 2008லும் 2010லும் இந்த முடிவுகள் வெளிவந்தன. நம் மலைகளும் தேயிலைக்கு முன்னே கோப்பி மலைகளாக இருந்தவைதானே.

ஒரு நிரை போனால் அந்த நிரைக்காரன் போய்விடுகிறான், அந்த வேலையை மற்றவன் எடுத்துக்கொள்வதில்லை. நிழல் மரத்தைக் கண்மண் தெரியாமல் வெட்டினால் வெள்ளைக்கண்ணி தேயிலைக்கு வந்து அதே வேலையைச் செய்யும் என்று எண்ண வேண்டாம், அது வேறு இடம் தேடிப் போகும். பட்டுப்போன மரம் இன்னும் முக்கியம். மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன பொந்தில்தான் பட்டாணிக் குருவி, மைனா, வண்ணாத்திக் குருவி எல்லாம் முட்டையிடுகின்றன. விறகு இல்லாமல் அடுப்பு எரியாது, எங்களுக்கும் தெரியும். விறகுக்காக நடக்கிற தூரமும் தெரியும். பட்ட மரம் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. லயத்துக்கும் பாதைக்கும் தூரமாக, விழுந்தாலும் யாருக்கும் ஆபத்தில்லாத ஓடைப் பக்கத்தில், டிவிசனுக்கு ஒன்றிரண்டு மொட்டை மரமாவது நிற்கட்டும் என்றுதான் கேட்கிறோம். ஓடைக் கரைப் புதரும் அப்படியே. கவண் வைத்திருக்கும் பிள்ளைகளிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

மருந்தடிக்கும் தோழர்களுக்குத் தனியாக ஒரு சொல். பூச்சி மருந்து அடித்த மலையில் பூச்சி சாகும்போது குருவியின் தீனியும் சாகிறது, செத்த பூச்சியைத் தின்ற குருவிக்கும் ஆபத்து. புழு கண்ட பகுதிக்கு மட்டும் அடிப்பதா, மலை முழுக்க அடிப்பதா என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் அல்ல. ஆனால் எந்த நிரையில் புழு, எந்த நிரையில் இல்லை என்பது கொழுந்தெடுக்கும் கைக்குத்தான் முதலில் தெரியும். அதைக் கங்காணியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தாரும் மருந்துக்கு முன்னே மலையைப் பார்த்து அறியச் சொல்பவர்கள்தான்.

பிள்ளைகளுக்கு வீட்டு வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நிழல் மரத்தைத் தெரிந்தெடுத்து, பத்துப் பன்னிரண்டு பாகம் தள்ளி அசையாமல் உட்காருங்கள். கொப்பியில் மரத்தை வரைந்து உச்சி, நடு, அடி, கிளை நுனி, தண்டு, தரை என்று பிரியுங்கள். ஒரு குருவி வந்தால் அதன் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நிறத்தை எழுதுங்கள். எங்கே நின்றது, காத்திருந்ததா, தேடித் திரிந்ததா, பாய்ந்து பிடித்ததா, கொத்தியதா, பிடித்ததை என்ன செய்தது, இவ்வளவும் போதும். அரை மணித்தியாலம் பாருங்கள். அடுத்த ஞாயிறு அதே மரம், அதே நேரம். மழைக்குருவிக் கூடு உள்ள லயத்துப் பிள்ளைகள், கூட்டுக்குத் தாய்க் குருவியும் தகப்பன் குருவியும் எத்தனை தடவை இரையோடு வந்தன என்று எண்ணலாம். எழுதியதைத் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் கொடுத்தால் எங்கள் கைக்கு வந்து சேரும். மூங்கில் கம்போடு நின்ற அந்தப் பையனின் கொப்பியையும் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.